‘ரெண்டாம் வகுப்புதான் படிக்கிறா, டாக்டர்!’

போன இதழில் சளி, இருமல் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் ‘எட்டு வயதுக்கு முன்பே பூப்பின் அடையாளம் தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று ஒற்றை வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களில் ஒரு மஞ்சப்பை நிறைந்துவிட்டது. சளி, இருமலுக்கு வந்தவை மூன்றே மூன்று. சரி, இந்தத் தடவை முழுப் பகுதியும் இதற்கே. கோவில்பட்டியில் 30 வருஷத்துக்கு மேலாகக் குழந்தைகள் டாக்டராக இருக்கிறேன். இந்த விஷயத்தில் புத்தகத்தில் படித்ததைவிடத் தப்பு செய்து கற்றுக்கொண்டது அதிகம். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

என் மகளுக்கு 7 வயது 4 மாதம். இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள். குளிப்பாட்டும்போது இடது மார்புக் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி கையில் பட்டது. தொட்டால் வலிக்கிறதாம். மாமியார் ‘சூட்டுக்கட்டி’ என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுகிறார். எனக்கோ புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே இல்லை. – ஒரு தாய், சாத்தூர்

முதலில் அந்தச் சுண்ணாம்பைக் கழுவி விடுங்கள், புண்ணாகிவிடும். புற்றுநோய் பயத்தையும் விடுங்கள். இந்த வயதில் காம்புக்கு நேர் அடியில் வட்டமாக, தொட்டால் வலிக்கிற மாதிரி வருவது அநேகமாக மார்பு மொட்டு. பூப்பு என்றால் நம் வீடுகளில் தீட்டு வந்த நாள்தான் கணக்கு. உடம்பின் கணக்கு வேறு. இந்த மொட்டுதான் அதற்கு முதல் நாள். மாதவிடாய் வர அதற்குப் பிறகு இரண்டு, இரண்டரை வருஷம் ஆகும். மொட்டு ஒரு பக்கம் மட்டும் முதலில் வருவதும் சகஜம். மறுபக்கம் சில மாதம் கழித்து வரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். யார் சொன்னாலும் அந்தக் கட்டியை அறுத்தெடுக்கச் சம்மதிக்காதீர்கள். மொட்டை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது. எட்டு வயதில் ‘கட்டி’ என்று எடுத்துவிட்ட ஒரு பெண்ணை, கல்யாணப் பேச்சு நடக்கிற வயதில் என்னிடம் அழைத்து வந்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? அவளோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

இனி, 7 வயது 4 மாதம் என்கிற விஷயம். பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர ஆரம்பித்தால் அதை முன்கூட்டிய பூப்பு என்கிறோம். ஆண் குழந்தைக்கு எல்லை 9 வயது. நம் பழைய பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவங்களைப் பிரிக்கும்போது 5 முதல் 7 வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, அதற்குப் பிறகுதான் மங்கை என்கின்றன. எண்டோகிரைன் டாக்டர்கள், அதாவது ஹார்மோன் டாக்டர்கள், கோடு போடுகிற அதே எட்டில் அவர்களும் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். காரணம் எனக்குத் தெரியாது, பார்க்கும்போதெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். உங்கள் மகள் இன்னும் பேதைதான்.

இதில் என்ன ஆபத்து என்றால், பெரும்பாலும் ஆபத்து எலும்பில். ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன், உங்களுக்குப் புரியும். உங்கள் மகள் வயதுதான். பிரேயரில் கடைசியாக நிற்பாள், அவ்வளவு உயரம். ஒரு வருஷத்தில் 122 செ.மீ.யிலிருந்து 131. ‘எங்க வீட்லயே இவதான் வாட்டசாட்டமா வளர்றா’ என்று அவள் அப்பாவுக்குப் பெருமை. இந்த வயதில் வருஷத்துக்கு 5, 6 செ.மீ. வளர்ந்தால் போதும். 9 செ.மீ. என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இடது கையை மணிக்கட்டோடு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். கை எலும்புகளின் நுனியில் வளரும் குருத்து எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்த்தால் எலும்பின் வயது தெரியும். (இதற்கு நாங்கள் ஒப்பிட்டுப் பார்க்கிற படப் புத்தகம் 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துப் பிள்ளைகளின் கைகளை எடுத்துச் செய்தது. அந்தக் கைகளை வைத்துத்தான் இன்றைக்கும் கோவில்பட்டிப் பிள்ளைகளுக்கு வயது சொல்கிறோம்.) அவளுக்குப் பிறந்த தேதிப்படி 7 வயது, எலும்புக்குப் பத்தரை.

அதாவது பத்தரை வயதுவரை வளர வேண்டிய வளர்ச்சியை அவள் ஏழிலேயே செலவழித்துவிட்டாள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் முதலில் எலும்பை வேகமாக நீட்டும், பிறகு அந்தக் குருத்தை மூடிவிடும். மூடினால் மூடியதுதான். ரெண்டாம் வகுப்பில் கடைசியாக நின்ற பிள்ளை, ஒன்பதாம் வகுப்பில் முன் வரிசைக்கு வந்துவிடும்.

அதனால் உங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, இன்றைக்கே மகளைச் செருப்பில்லாமல் நிலைக்கதவில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு நோட்டை வைத்துப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பழைய ரிப்போர்ட் கார்டு, தடுப்பூசி அட்டை எதிலாவது போன வருஷ உயரம் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு, அதோடு ஒரு குழந்தைகள் டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரே, ரத்தத்தில் பூப்பைத் தூண்டும் ஹார்மோன்களான எல்.எச்., எஃப்.எஸ்.எச்., அதோடு தைராய்டு, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன், இவ்வளவுதான் ஆரம்பத்தில் பார்ப்போம். எல்லாம் பார்த்துவிட்டு ‘மெதுவாகப் போகிறது, ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்று மட்டும் சொல்லி அனுப்பும் பிள்ளைகளும் நிறையப் பேர். பூப்பைத் தள்ளிப்போடும் ஊசிப் பேச்சு அதற்கப்புறம்.

ஒன்றே கால் வயதுக் குழந்தைக்கு மார்பு லேசாகப் புடைத்திருக்கிறது. இதுவும் அதுதானா? – விளாத்திகுளம்

அநேகமாக இல்லை. இரண்டு வயதுக்குள் இப்படிச் சின்னதாக வந்து, அப்படியே நின்று, தானாக மறைந்துவிடும். உயரம் திடீரென்று ஏறினாலோ, மார்பு மேலும் பெரிதானாலோ, இரத்தம் பட்டாலோ உடனே காட்டுங்கள். அழுத்திப் பிதுக்க வேண்டாம். ‘பால் எடுக்கிறேன்’ என்று பாட்டிமார் பிதுக்கிச் சீழ் வைத்து வருகிற குழந்தைகள் இன்னும் வருகின்றன.

வாட்ஸ்அப்பில் ஒரு டாக்டரே பேசுகிறார்: பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், அதைத் தின்பதால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள் என்று. ஒரு வருஷமாக வீட்டில் கோழி நிறுத்திவிட்டேன். பையன் கேட்டு அழுகிறான். – ஒரு தந்தை, அருப்புக்கோட்டை

பையனுக்குக் கோழி வாங்கிக் கொடுங்கள் தம்பி.

பல்லடம் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஒரு உறவினரிடம் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டார். ‘ஒரு கொட்டகையில ஆயிரக்கணக்குல குஞ்சு கிடக்கு, ஒவ்வொண்ணையும் தினமும் புடிச்சு ஊசி போட நான் யாரை வைக்கிறது? ஊசி விலை கோழி விலையைவிட ஜாஸ்தி’ என்றார். பிராய்லர் 40 நாளில் இரண்டு கிலோ வருவது பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம், தீவனம், இரண்டாலும்தான். பண்ணைகளில் ஆன்டிபயாடிக் இஷ்டத்துக்குப் போடுவது நிஜமான பிரச்சினை. அது வேறு கதை, பூப்புக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

ஆனால் பிள்ளைகள் முன்னைவிடச் சீக்கிரம் வளர்கிறார்கள் என்பது பொய்யில்லை. இங்கிலாந்தில் டேனர் என்ற டாக்டர் 1969-ல் எழுதிய கணக்கில் பெண் குழந்தைகளுக்கு மார்பு மொட்டு வரும் சராசரி வயது 11-க்குக் கொஞ்சம் மேல். 1997-ல் அமெரிக்காவில் 17,000 சிறுமிகளைப் பார்த்து மார்சியா ஹெர்மன்-கிடன்ஸ் வெளியிட்ட ஆய்வில் வெள்ளைக்காரச் சிறுமிகளுக்கு 10, கறுப்பினச் சிறுமிகளுக்கு 9-க்கும் கீழே. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1991-லும், பிறகு 2006-லும் பார்த்தபோது, அந்த 15 வருஷத்துக்குள்ளேயே ஒரு வயது இறங்கியிருந்தது. மாதவிடாய் வயது இந்த அளவு இறங்கவில்லை. சீக்கிரம் ஆரம்பித்து, மெதுவாக நடந்து வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தில் எடைக்குப் பெரிய பங்கு. கொழுப்புச் செல் சும்மா இருப்பதில்லை, லெப்டின் என்று ஒரு ஹார்மோனைச் சுரந்து மூளைக்கு ‘கையில் இருப்பு இருக்கிறது’ என்று தகவல் சொல்கிறது. மூளை அதைக் கேட்டுத்தான் பூப்பு வேலையை ஆரம்பிக்கிறது. 2020 ஊரடங்கில் பிள்ளைகள் வீட்டிலேயே முடங்கியபோது, இத்தாலியில் டாக்டர்கள் முன்கூட்டிய பூப்போடு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சட்டென்று ஏறியதைக் கவனித்து எழுதினார்கள். எங்கள் கிளினிக்கிலும் அந்த வருஷம் அப்படித்தான் இருந்தது. முறுக்கு, செல்போன், படுக்கை, மறுபடி முறுக்கு.

எடை மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப்போன 107 பெண்களைப் பற்றி 1991-ல் ஒரு ஆய்வு வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு 11.6 வயதுக்குள்ளேயே மாதவிடாய் வந்துவிட்டது. ஒரு பெண்ணுக்கு 7 வயது சொச்சத்தில் மாதவிடாய். இங்கே ஒட்டி உலர்ந்து கிடந்த உடம்பு அங்கே போய் மளமளவென்று தேறியதும் பூப்பும் ஓடி வந்துவிட்டது. பசியோடு பிறந்து, பின்னால் வேகமாக எடை போடுகிற குழந்தைகளை நான் அதிகம் கவனிப்பது இதனால்தான். அப்புறம் அம்மா சீக்கிரம் வயதுக்கு வந்திருந்தால் மகளும் வருவாள். அதற்குக் கோழி பொறுப்பில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டில் பெரியவர்கள் யாராவது டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் ஜெல், கிரீம் பூசுகிறவர்களாக இருந்தால், பூசிய கையோடும் தோலோடும் குழந்தையைத் தூக்க வேண்டாம். அது குழந்தை உடம்பில் ஏறும்.

என் பேத்தி மூன்றாம் வகுப்பு. 8 வயது 10 மாதத்தில் சமைஞ்சிட்டா. தாய்மாமன் சீர், பந்தல், மண்டபம் எல்லாம் பேசிவிட்டோம். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கிறோம். மகள் மட்டும் ‘ஆஸ்பத்திரிக்குப் போகணும்’ என்று அழுகிறாள். எந்தக் காலத்தில் இதற்கு ஆஸ்பத்திரி போனோம்? – ஓர் ஆச்சி, எட்டயபுரம்

ஆச்சி, உங்கள் மகள் சொல்வதைக் கேளுங்கள். மண்டபம் எங்கேயும் ஓடிப் போகாது.

பத்து வயதுக்கு முன் மாதவிடாய் வந்தால் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். முதல் கேள்வி: அதற்கு முன்னால் மார்பு வளர்ந்திருந்ததா? வளர்ந்திருந்தால் இது ஆறு, ஆறரை வயதிலேயே ஆரம்பித்திருக்கும், யாரும் பார்க்கவில்லை. எலும்பு எக்ஸ்ரே எடுத்து, இனி எவ்வளவு வளரும் என்று கணக்குப் பார்க்கலாம். மார்பு வளர்ச்சியே இல்லாமல் இரத்தம் மட்டும் பட்டது என்றால் அது பூப்பே இல்லாமல் இருக்கலாம். கிருமித் தொற்று, காயம், விளையாட்டாக உள்ளே வைத்துக்கொண்ட ஏதாவது பொருள், கருப்பையில் அல்லது சினைப்பையில் கட்டி, அல்லது யாரோ செய்த அக்கிரமம். இந்தக் கடைசிக் காரணத்தை மேலே சடங்கு வைத்து மூடிவிட்ட ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அப்படி ஒரு சந்தேகம் துளி இருந்தாலும் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள், காசு கிடையாது.

தைராய்டு குறைந்தாலும் சீக்கிரம் இரத்தம் படும். அந்தப் பிள்ளைகள் மட்டும் உயரமாக வளராமல் குட்டையாக, மந்தமாக, தோல் வறண்டு இருப்பார்கள். மாத்திரையிலேயே சரியாகும். இதைக் கண்டுபிடிக்காமல் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தால் பாவம்தானே?

எண்ணெய் என்றதும் ஒரு கணக்கு. 100 மில்லி நல்லெண்ணெயில் 800 கலோரிக்கு மேல் இருக்கிறது. பேத்தி வயதுக்கு ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியதில் கிட்டத்தட்டப் பாதி. இரண்டு வாரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். முட்டையை அவித்துக் கொடுங்கள், பச்சையாக வேண்டாம். உளுந்தங்களி செய்யுங்கள், நல்லதுதான், கருப்பட்டியைக் கொஞ்சம் கையடக்கிப் போடுங்கள்.

சடங்கைப் பற்றி என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 1975-ல், 13 வயதில் குச்சு கட்டினார்கள். 16 நாள். பக்கத்துத் தெருப் பையன்கள் தட்டிக்கு மேலே எட்டிப் பார்த்துச் சிரித்தது இன்றைக்கும் காதில் இருக்கிறது. எனக்குப் பதின்மூன்று, கொஞ்சம் விவரம் தெரியும். உங்கள் பேத்திக்கு என்ன தெரியும்? இரண்டு வருஷம் முன்னால் இதே வயதுப் பிள்ளை ஒன்று காய்ச்சலுக்கு வந்தது. முக்கு ரோட்டில் அதற்குப் பட்டுப்புடவை கட்டி, இடுப்பில் ஒட்டியாணம் மாட்டி, ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் வைத்திருந்தார்கள். ‘டாக்டர், என் படத்தை ஏன் ரோட்டுல மாட்டினாங்க? ஸ்கூல்ல எல்லாரும் கேக்குறாங்க’ என்றது. நான் அதன் அப்பாவைப் பார்த்தேன். அவர் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தார்.

உடம்பு முந்திக்கொண்ட பிள்ளையை ஊரே பெரிய மனுஷியாகப் பார்க்க ஆரம்பித்துவிடும். கூட விளையாடியவர்கள் விலகுவார்கள், பெரிய பையன்கள், ஏன், பெரிய ஆண்களே நெருங்குவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மனச்சோர்வும், பாலியல் தொந்தரவும் மற்றவர்களைவிட அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. நாம் பிளக்ஸ் வைத்து அதற்கு விளம்பரம் கொடுக்கிறோம். தாய்மாமன் வரட்டும், வீட்டுக்குள் ஒரு பாவாடை சட்டை கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். போதும்.

அந்தக் காசில் செய்ய வேறு வேலை இருக்கிறது. ஆரம்பப் பள்ளிக் கழிப்பறையில் நாப்கின் போட ஒரு வாளிகூட இருக்காது, ஏனென்றால் அங்கே யாருக்கும் தேவைப்படும் என்று எவரும் நினைப்பதில்லை. கிளாஸ் டீச்சரை மகள் தனியாகப் பார்த்துச் சொல்லட்டும். பையில் ஒரு சின்னப் பை, அதில் இரண்டு நாப்கின், ஒரு ஜட்டி, பழைய பேப்பர். மாற்றுவது எப்படி என்று வீட்டில் இரண்டு தடவை செய்து காட்டுங்கள். பொம்மைக்குப் போட்டுக் காட்டினாலும் சரி.

எல்லாரும் பெண் பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறீர்கள். என் மகனுக்கு 8 வயது. மீசை அரும்புகிறது, குரல் மாறுகிறது. ‘ஆம்பளப் புள்ள, நல்லா வளர்றான்’ என்கிறார் என் கணவர். – கயத்தாறு

‘ஆம்பளப் புள்ள, நல்லா வளர்றான்.’ இதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன் அம்மா. 1990-களின் நடுவில். பையனுக்கு நான்கு வயது. காய்ச்சலுக்குக் கொண்டு வந்தார்கள். கட்டுமஸ்தான உடம்பு, கனத்த குரல், ஊரில் ‘குட்டிப் பயில்வான்’ என்று பெயராம். அவன் அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள்: ‘சும்மா இருக்கும்போதே திடீர்னு சிரிக்கிறான் டாக்டர், நம்மளப் பாத்து இல்ல, எங்கேயோ பாத்துட்டு.’ சந்தோஷமான பிள்ளை என்று நானும் சிரித்தேன். காய்ச்சல் மருந்து எழுதி அனுப்பினேன்.

இரண்டு வருஷம் கழித்து வலிப்போடு வந்தான். மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்ததில், மூளையின் அடிப்பகுதியில், ஹார்மோன்களை ஆட்டுவிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தை ஒட்டிப் பட்டாணி அளவில் ஒரு முண்டு. ஹமார்ட்டோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை, பிறவியிலேயே இருக்கும். பூப்பை ஆரம்பிக்கும் ஹார்மோனை அது தன் இஷ்டத்துக்குத் தட்டிவிடும். அந்த வெற்றுச் சிரிப்பே ஒரு வகை வலிப்பு. இரண்டு அடையாளத்தையும் அவன் அம்மா என் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள், நான் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பையனுக்கு எலும்பு வயது பன்னிரண்டு. இப்போது முப்பதைத் தாண்டிவிட்டான், செல்போன் கடை வைத்திருக்கிறான், நன்றாக இருக்கிறான். உயரம் நாலடி பத்து. கடைக்குப் போனால் ஸ்டூலில் ஏறி மேல் ஷெல்ஃபிலிருந்து எனக்குச் சார்ஜர் எடுத்துக் கொடுப்பான்.

பெண் குழந்தைக்கு முன்கூட்டிப் பூப்பு வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு உள்ளே தேடினாலும் நோய் எதுவும் இருக்காது. பையன்கள் விஷயம் அப்படியில்லை, மூளையிலோ, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலோ காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் பூப்பு மூளையிலிருந்து கிளம்புகிறது என்று தெரிந்தால் பையன்கள் எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்போம். பெண் பிள்ளைகளில் ஆறு வயதுக்குள் ஆரம்பித்தவர்களுக்குக் கட்டாயம்.

டாக்டர் உங்கள் மகனின் விதைகளை ஒரு மணிமாலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கேலி இல்லை. சூரிச் நகரத்தில் பிராடர் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை 12 மணிகள். விதை 4 மில்லி மணியைத் தொட்டால் பூப்பு ஆரம்பம். விதை சின்னதாகவே இருந்து, முடியும் குரலும் உறுப்பும் மட்டும் வளர்ந்திருந்தால் கோளாறு அட்ரினல் பக்கம் என்று சந்தேகப்படுவோம். கணவர் பெருமைப்படட்டும், தப்பில்லை. இந்த வாரமே காட்டிவிட்டு வந்து பெருமைப்படட்டும்.

ஆறரை வயது மகளுக்கு மாதாமாதம் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று சொந்தத்தில் பயமுறுத்துகிறார்கள். – சங்கரன்கோவில்

பிறக்கும். 1981 முதல் உலகத்தில் இந்த வகை ஊசி போடுகிறார்கள், அன்றைக்குப் போட்டுக்கொண்ட சிறுமிகள் இன்றைக்குத் தாய்மார்.

இங்கே அதிகம் போடுவது லியூப்ரோலைடு, சில இடங்களில் டிரிப்டோரெலின். வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. பூப்புக்கான ஹார்மோன் மூளையிலிருந்து விட்டு விட்டுச் சுரக்கும். கதவை அவ்வப்போது தட்டினால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எழுந்து வரும். இந்த ஊசி காலிங்பெல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பது மாதிரி. முதலில் கொஞ்சம் துள்ளும், அப்புறம் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படுத்துவிடும். அந்த ‘முதலில் கொஞ்சம் துள்ளும்’ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு சில சிறுமிகளுக்கு இரண்டு நாள் இரத்தம் படும். ஊசி வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.

மாதம் ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. தேதி தவறக் கூடாது, ‘திருவிழா முடிந்து போடலாம்’ என்பது உதவாது. ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம், சிலருக்கு உடம்பு சூடாகும், தலைவலிக்கும். எலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்து, நிறுத்தியபின் திரும்ப ஏறிவிடும். பொதுவாக 11 வயது வாக்கில் நிறுத்துவோம். ஒன்று, ஒன்றரை வருஷத்தில் மாதவிடாய் வந்துவிடும், கூடப் படிக்கிறவர்களோடு சேர்ந்து.

விலை அதிகம்தான், ஒரு ஊசிக்கே சில ஆயிரங்கள். தனியாரில் கட்டுப்படியாகவில்லை என்றால் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். ஆறு வயதுக்குள் ஆரம்பித்தால் உயரத்தில் பலன் அதிகம், எட்டை நெருங்க நெருங்கக் குறையும். எட்டரை, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ‘எதற்கும் போட்டு வைப்போம்’ என்று யாராவது எழுதினால், எத்தனை சென்டிமீட்டர் கிடைக்கும் என்று நேருக்கு நேர் கேளுங்கள். கேட்டதற்காகக் கோபப்படுகிற டாக்டரை மாற்றிவிடலாம்.

எனக்கு 34 வயது. எட்டரை வயதில் வயதுக்கு வந்தேன். உயரம் நாலடி ஒன்பது. சீக்கிரம் வயதுக்கு வந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் என்று படித்ததிலிருந்து நிம்மதி இல்லை. – தூத்துக்குடி

‘வரும்’ என்று யார் எழுதியது? வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 2012-ல் 117 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து லான்செட் ஆங்காலஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் எழுதினார்கள். மாதவிடாய் ஒரு வருஷம் முந்தினால் வாய்ப்பு நூற்றுக்கு 5 பங்கு கூடுகிறது. இதை நூறு பேரில் ஐந்து பேருக்கு அதிகமாக வரும் என்று படித்துப் பயந்துவிடுகிறார்கள். அப்படி இல்லை. இருபது பேருக்கு வரக்கூடிய இடத்தில் இருபத்தொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நாலைந்து வருஷம் முந்தியிருக்கிறது, அந்த அளவுக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். அம்மா, சித்தி, அக்கா யாருக்காவது இருந்திருந்தால் அதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன். நாற்பதைத் தொடும்போது மேமோகிராம் பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

உங்களிடம் நான் கவலைப்படுவது சர்க்கரை பற்றி. சீக்கிரம் பூப்படைந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு எல்லாம் கூடுதலாக வருகின்றன. எடை கூடியிருந்தால் இன்னும் அதிகம். நம்மவர்களுக்கு எப்படியும் சர்க்கரை சீக்கிரம் வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ஒரு இரத்தப் பரிசோதனை, பி.பி., இடுப்பளவு. இதற்கு ஆகும் செலவு ஒரு பிரியாணிக் காசு.

கடிதத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘அப்போது யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்துக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன்’ என்று எழுதியிருந்தீர்கள். படித்தேன். உங்களுக்கு இப்போது ஆறு வயதில் ஒரு மகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கதவில் சாய்த்து அளந்து வாருங்கள். மார்பு மொட்டைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் இப்போதே சொல்லலாம், பல் விழுவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

டாக்டர் ஆன்ட்டி, எனக்கு 9 வயசு. அது வந்திடுச்சு. நான் இனிமே கோகோ விளையாடலாமா? ஆச்சி கூடாதுங்கறாங்க. (பென்சிலில் எழுதிய கடிதம், ஊர் எழுதவில்லை)

விளையாடலாம் கண்ணு. ஓடலாம், குதிக்கலாம், தலைக்குக் குளிக்கலாம், ஊறுகாய் தொடலாம். விளையாடப் போகும் முன் நாப்கின் மாற்றிக்கொண்டு போ. வயிறு வலித்தால் அம்மாவிடம் சொல், மாத்திரை தருவார்கள், அடக்கிக்கொண்டு இருக்காதே. அடுத்த மாதம் அதே தேதியில் வராமல் போகலாம், முதல் இரண்டு வருஷம் அது அப்படித்தான் இஷ்டத்துக்கு வரும். அம்மாவை ஒருநாள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல். கையை ஒரு பலகையில் வைத்து ஒரு போட்டோ எடுப்பார்கள், வலிக்காது. இந்தப் பக்கத்தை ஆச்சியிடம் காட்டு. ஆச்சிக்குக் கண்ணு தெரியாவிட்டால் நீயே சத்தமாகப் படித்துக் காட்டு.